மண்ணுக்குக் கணக்கெழுதியவர்: ஜே. சி. குமரப்பா

உழுகுடிகளின் குறையை ஆள்வோர் செவியில் ஏற்றுவது தமிழ்ப் புலவர்க்குப் புதிய பணியன்று. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடிய வெள்ளைக்குடி நாகனார் பரிசிலாகப் பெற்றது பொன்னும் அன்று, களிறும் அன்று; பழஞ்செய்க்கடன் நீக்கம். பழைய வயல்களுக்குரிய வரி நிலுவையை ஒரு பாட்டால் நீக்குவித்த பெருமை அவருடையது. பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் உரைத்த அறிவுரையோ நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தேக்குக என்பதாகும். புறநானூற்றின் 35, 18 ஆம் பாடல்களாகிய இவ்விரண்டையும் அரசியல் அறிவுறுத்தும் பாடல்கள் என்று நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். இக்காலச் சொல்லாற் கூறின், இவை வேளாண் கொள்கை பற்றிய விண்ணப்பங்களே.

அத்தகைய விண்ணப்பத்தை இருபதாம் நூற்றாண்டில் வாழ்நாள் முழுவதும் எழுதிக்கொண்டிருந்த தமிழர் ஒருவர் உண்டு. அவர் புலவரல்லர், கணக்குத் தணிக்கையாளர். அவர் கையாண்ட மொழி ஆங்கில உரைநடை. அவருடைய அணிகள் வரவு, செலவு, முதல், இருப்பு என்பன. ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் குமரப்பா என்னும் அப்பெருமகனைக் காந்தியப் பொருளியல் அறிஞர் என்ற அடைமொழியோடு நாம் அறிவோம். அந்த அடைமொழியே அவரை நம் பார்வையினின்றும் மறைத்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. காலநிலை மாற்றத்தால் பருவம் பிறழ்ந்து உழவர் கலங்கும் இந்நாளில் அவர்தம் வாழ்க்கையை மீண்டும் நோக்குதல் தகும்.

தஞ்சையிலிருந்து நியூயார்க் வரை

குமரப்பா 1892 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4 ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் அரசுப் பணியில் இருந்தவர். தாயாரோ இரக்கமும் ஒழுங்கும் ஒருங்கே வாய்ந்தவர். இளமையிலேயே இலண்டன் சென்று கணக்கியல் பயின்று, அங்கேயே தொழிலும் புரிந்த குமரப்பா, 1919 இல் தாயின் விருப்பத்திற்கிணங்கித் தாயகம் திரும்பிப் பம்பாயில் தணிக்கைத் தொழிலில் ஈடுபட்டார். நடை, உடை, உணவு அனைத்திலும் ஆங்கிலேயராகவே அவர் அந்நாளில் விளங்கினார்.

1927 இல் அமெரிக்கா சென்று சிராக்யூஸ் பல்கலைக்கழகத்திலும், பின்னர் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். செலிக்மன் என்னும் பேராசிரியரிடம் பொது நிதியியல் கற்றபோது இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில அரசின் நிதி நிர்வாகத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் வாய்ப்பு நேர்ந்தது. வரி எங்கிருந்து எடுக்கப்படுகிறது, எங்கே செலவிடப்படுகிறது என்னும் இரண்டு வினாக்களைத் தொடர்ந்து சென்றவர், ஆங்கில ஆட்சியில் தாம் கொண்டிருந்த நம்பிக்கையை அந்த ஆய்வின் முடிவில் இழந்தார். அவரை நாட்டுப்பற்றாளராக்கியது மேடைப் பேச்சன்று, கணக்கேடு.

1929 இல் தாயகம் மீண்டு, தம் ஆய்வை அச்சேற்றுவது குறித்துக் காந்தியடிகளைக் காணச் சபர்மதி சென்றார். மேனாட்டு உடையில் வந்த இளைஞர், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூற்றுக்கொண்டிருந்த முதியவரே தாம் காண வந்தவர் என்பதை உணர்ந்ததும், உடையின் மடிப்பைப் பொருட்படுத்தாது தாமும் தரையில் அமர்ந்தார் என்பது அவர் வரலாற்றில் பலரும் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி. ஆய்வுக் கட்டுரை யங் இந்தியா இதழில் தொடராக வெளிவந்தது. கொர்னேலியஸ் என வழங்கிய பெயரை விடுத்து, குமரப்பா என்னும் தம் குடும்பத்துப் பழைய பெயரை மேற்கொண்டதும் அக்காலத்தில்தான்.

மாத்தர் வட்டத்துக் கணக்கு

காந்தியடிகள் அவருக்குக் கொடுத்த முதற்பணி குஜராத்தின் கேடா மாவட்டத்தைச் சேர்ந்த மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருள்நிலையை ஆராய்வது. குஜராத் வித்யாபீட மாணவர்களை உடன் கொண்டு, மொழியும் வழக்கமும் புதியனவாகிய ஊர்களில், ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களைக் குமரப்பா ஆராய்ந்தார். வீடு வீடாகச் சென்று விதை, எருது, எரு, கூலி, வட்டி, வரி எனச் செலவினங்களைத் திரட்டினர். அதுவரை அரசு அலுவலகங்களில் விளைச்சலின் மதிப்பு மட்டுமே எண்ணப்பட்டது. உழவனும் அவன் மனையாளும் மக்களும் நிலத்தில் சிந்திய உழைப்பு எந்தக் கணக்கிலும் இடம்பெறவில்லை. அதனையும் செலவாகக் கொண்டு குமரப்பா எழுதியபோது, பல குடும்பங்களுக்கு உழவு இழப்பைத் தரும் தொழிலாக இருப்பது வெளிப்பட்டது. அரசு பெற்ற நிலவரி உழவனின் மிகுதியிலிருந்து வந்ததன்று. அவன் வயிற்றுக்குரிய பங்கிலிருந்து வந்தது. 1931 இல் வெளிவந்த அவ்வறிக்கை இந்தியச் சிற்றூர்ப் பொருளியல் ஆய்வில் ஒரு முன்னோடி நூலாயிற்று.

இங்கே குமரப்பாவின் இயல்பு முழுமையாகப் புலப்படுகிறது. உழவரைப் போற்றிப் பேசுதல் எளிது. உழவு போற்றப்படாத மொழி ஒன்றேனும் உண்டா? அவருக்கு அப்போற்றுதலில் நாட்டமில்லை. எண்ணப்படாததை எண்ணி, எழுதப்படாததை எழுதி, அதனை ஆள்வோர் மேசையில் வைப்பதே உழவர்க்குத் தாம் செய்யக்கூடிய தொண்டு என்று அவர் கருதினார்.

மகன்வாடி

உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது யங் இந்தியா இதழின் பொறுப்பை ஏற்று எழுதியமைக்காகச் சிறை சென்றார். பின்னும் சிறை சென்றார். 1934 இல் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்திற்குப்பின் துயர் துடைப்பு நிதியின் கணக்குகளைக் காக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவ்வாண்டின் இறுதியில் அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியபோது அதனை நடத்தும் பொறுப்பையும் காந்தியடிகள் அவரிடமே அளித்தார். வார்தாவிலுள்ள மகன்வாடி அவருடைய பணிமனையாயிற்று.

கைக்குத்தல் அரிசி, மரச்செக்கு, கையாற் செய்யும் தாள், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம், மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு எனப் பல துறைகளில் அங்கே ஆய்வுகள் நடைபெற்றன. மனிதக் கழிவையும் தழையையும் மட்கச் செய்து எருவாக்கும் முறைக்கு அவர் தனிச் சிறப்பளித்தார். வயலிலிருந்து எடுத்தது வயலுக்கே திரும்புதல் வேண்டும் என்பது அவருக்குத் துப்புரவு பற்றிய செய்தி மட்டுமன்று. கடன் தீர்க்கும் அறம்.

பனையைப் பற்றிய அவர் வாதம் தமிழராகிய நாம் சிறப்பாக எண்ணத்தக்கது. கரும்பு நல்ல நிலத்தையும் மிகுந்த நீரையும் வேண்டுவது. பனையோ பாசனம் வேண்டாது, வறண்ட மண்ணில் தானே நிற்பது. இனிப்பைப் பனையிலிருந்து பெற்றுக்கொண்டால் கரும்பு விழுங்கும் நன்செய் நிலம் தானியத்திற்கு மீளும் என்று அவர் வாதிட்டார். மழை பொய்க்கும் ஆண்டுகள் பெருகிவரும் இந்நாளில் வேளாண் அறிஞர் கூறும் வறட்சி தாங்கும் பயிர்த் தேர்வுக்கு இது முன்னோடியான சிந்தனை.

சிறையில் எழுந்த பொருளியல்

1942 ஆம் ஆண்டு இயக்கத்தை ஒட்டிக் குமரப்பா மீண்டும் சிறைப்பட்டார். ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது எழுதிய இரு நூல்களுள் ஒன்று இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது; மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டிற்கும் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார். கிராமக் கைத்தொழில் அறிஞர் என்னும் பொருள்பட ஒரு முனைவர் பட்டத்தையும் அவர் அன்போடு சூட்டினார். பல்கலைக்கழகம் தராத அப்பட்டத்தோடுதான் குமரப்பா இன்றும் டாக்டர் என அறியப்படுகிறார்.

நிலைத்த பொருளாதார நூலில் அவர் பொருளீட்டும் முறைகளை இயற்கையிலிருந்தே வகைப்படுத்துகிறார். தான் வாழும் பொருட்டுப் பிறவுயிரை அழிப்பது ஒட்டுண்ணி முறை. எதனையும் நட்டு வளர்க்காது தோப்பின் கனியைத் தின்றுவிட்டு நீங்கும் குரங்கினது சூறை முறை. தான் கட்டிய கூட்டில் தான் வாழும் பறவையினதும், உழுது எருவிட்டு விதைத்துக் காத்து அறுக்கும் உழவனதும் முயற்சி முறை. கூட்டிற்காகத் தேன் சேர்க்கும் தேனீயினது கூட்டு முறை. கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையினது தொண்டு முறை. படிப்படியாக உயரும் இவ்வைந்தினுள், மனிதர் எப்படியில் நிற்கின்றனர் என்பதே நூல் எழுப்பும் வினா.

அந்நூலின் மற்றொரு பாகுபாடு இன்று நமக்குப் பெரிதும் வேண்டப்படுவது. இயற்கையின் செல்வம் இருவகை. நிலக்கரி, கன்னெய், கனிமம் போன்றவை தேக்கச் செல்வம். எடுக்க எடுக்கக் குறைவன. கதிரொளி, ஆற்றுநீர், மரம், பயிர், கால்நடை ஆகியவை ஓட்டச் செல்வம். அளவறிந்து கொள்வார்க்கு ஆண்டுதோறும் ஊறுவன. தேக்கச் செல்வத்தின்மேல் கட்டப்படும் வாழ்வு, அச்செல்வம் கிடக்குமிடத்தைக் கைப்பற்றும் போருக்கு வழிகோலும். ஓட்டச் செல்வத்தின்மேல் அமையும் வாழ்வே அமைதிக்கு உரியது என்பது அவர் முடிபு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், சிறைக்குள்ளிருந்து எழுந்த முடிபு இது.

புவி வெப்பமடைதல் குறித்து அவர் எழுதினாரல்லர். கரியும் எண்ணெயும் எரிவதால் வானம் மாறும் என்னும் கருத்தை அவர்மேல் ஏற்றிக் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. எனினும், சேமிப்பை வருமானமெனக் கருதிச் செலவிடும் குடும்பம் கெடும் என்னும் தணிக்கையாளரின் எளிய விதியை நிலத்திற்கும் நாட்டிற்கும் பொருத்தியதன் வாயிலாக, இன்று அறிவியல் வந்து சேர்ந்துள்ள இடத்திற்கு வேறொரு வழியில் அவர் முன்பே சென்றிருந்தார். ஷூமாக்கர் 1973 இல் வெளியிட்ட சிறியதே அழகு என்னும் நூலில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டது அதனால்தான்.

நிலம் யாருக்கு, பயிர் எதற்கு

விடுதலைக்குப்பின் காங்கிரசு அமைத்த வேளாண் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவரானார். குழு மாகாணந்தோறும் சென்று விசாரித்து 1949 இல் அறிக்கை அளித்தது. உழுபவனுக்கும் அரசுக்கும் இடையே நிற்கும் இடைத்தரகு உரிமைகள் ஒழிய வேண்டும். நிலவுடைமைக்கு உச்சவரம்பு வேண்டும். தொடர்ந்து ஆறாண்டு பயிரிட்ட குத்தகைதாரர்க்கு நிலைத்த உரிமை வேண்டும். மிகச்சிறு நிலங்கள் கூட்டுறவு முறையில் பயிரிடப்பட வேண்டும் என்பன அதன் முதன்மைப் பரிந்துரைகள். நேரடிப் பயிர்ச்செய்கை என்பதற்கு அக்குழு தந்த விளக்கம் கூர்மையானது. வரப்பில் குடைபிடித்து நின்று மேற்பார்வை செய்வோன் உழவனாகான். தன் உடலுழைப்பில் ஒரு பங்கையேனும் நிலத்திற்குக் கொடுப்பவனே அப்பெயருக்கு உரியவன். குழுவினுள்ளேயே மறுப்புக் குறிப்பு எழுந்ததில் வியப்பில்லை. பிற்காலச் சட்டங்கள் அவ்விளக்கத்தை நீர்க்கச் செய்ததும் நாடறிந்தது.

நிலம் யாருக்கு என்னும் வினாவோடு குமரப்பா நின்றாரில்லை. அதில் விளைவது எதற்கு என்றும் வினவினார். அவர் வகுத்த சமச்சீர்ப் பயிரிடுமுறை இதற்கான விடை. ஏறத்தாழ 1 லட்சம் மக்கள் வாழும் ஒரு வட்டாரத்தை அலகாகக் கொண்டு, அவர்க்கு வேண்டும் தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, காய்கனி, வெல்லம், பருத்தி ஆகியவற்றுக்கு எவ்வளவு நிலம் தேவை என அவர் கணக்கிட்டார். நிலமனைத்தும் முதலில் அவ்வட்டாரத்தின் தேவைக்கு, எஞ்சியதே சந்தைக்கு. ஆலைக்கும் ஏற்றுமதிக்கும் மட்டும் உரிய ஒற்றைப் பயிர் ஊரை விழுங்குதல் கூடாது. இன்ன நிலத்தில் இன்ன பயிர் என உரிமம் வழங்கவும் வேண்டும் என்றார்.

இவ்விடத்தில் உழவரே அவரோடு முரண்படலாம். பணப்பயிர் விளைவித்துக் கடன் அடைக்க முயலும் ஒருவர், உரிமம் கேட்கும் அரசை விரும்புவரோ? குமரப்பா இதனை அறியாதவரல்லர். உழவர்க்கு நியாயமான வருவாயை உறுதி செய்யாமல் பயிரைக் கட்டுப்படுத்தும் அரசு, மாத்தரில் வயிற்றுப் பங்கை வரியாகக் கொண்ட அரசின் மறுவடிவமே ஆகும். ஆகவே, அவர் திட்டத்தை நிலவுரிமையோடும் நேர்மையான விலையோடும் சேர்த்தே படித்தல் வேண்டும். தனியே பிரித்தால் அது சுமையாகும்.

இரசாயன உரத்தையும் டிராக்டரையும் அவர் கடுமையாக எதிர்த்தார். உரம் மண்ணுக்கு உணவன்று, ஊக்க மருந்து; மருந்தின் வேகம் தணிந்தபின் மண் முன்னினும் மெலியும் என்பது அவர் கருத்து. எருது வைக்கோலைத் தின்று உழுது, சாணத்தையும் தரும்; இயந்திரமோ எண்ணெயைக் குடித்துப் புகையை மட்டும் தரும். 1951 இல் சிந்திரி உரத்தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. நாடு அதனை வெற்றியாகக் கொண்டாடிய அக்காலத்தில் குமரப்பாவின் குரல் முன்னேற்றத்திற்குப் பகையான குரலாகவே கருதப்பட்டது.

கல்லுப்பட்டி

உயர் இரத்த அழுத்தம் உடலை நலிவித்த நிலையில், 1950 களின் இடைப்பகுதிக்கு முன்னரே அவர் தமிழகம் திரும்பி, மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். அரசில் பதவி ஏற்ற நண்பர்களோடு அவருக்கு இடைவெளி பெருகியிருந்தது. அவருடைய குடிலின் சுவரில் ஏழைக் கிராமத்தான் ஒருவனின் படம் தொங்கியது. காந்தி தமக்குக் குரு, இவனோ அக்குருவுக்கும் குரு என்று வருவோர்க்கு அதனைச் சுட்டிக்காட்டுவார் என்பர். 1960 ஆம் ஆண்டு சனவரி 30 ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், குமரப்பாவும் மறைந்தார். மணவாழ்க்கை மேற்கொள்ளாத அவர் விட்டுச்சென்றவை நூல்களும் கட்டுரைகளும் அக்குடிலுமே.

இன்றைய கணக்கு

அவர் மறைந்து சில ஆண்டுகளில், 1965, 1966 ஆம் ஆண்டுகளின் வறட்சியால் நாடு அயல்நாட்டுக் கோதுமைக்குக் கையேந்த நேர்ந்தது. அந்நிலையில் புதிய விதைகளும் உரங்களும் களஞ்சியத்தை நிரப்பின என்பதை மறுப்பது நன்றியின்மை. பசித்த வயிற்றுக்கு முன் அன்றைய ஆட்சியாளர்க்கு வேறுவழி தோன்றவில்லை. ஆயின் அந்த வரவுக்கு எதிரே எழுதப்படாத செலவுகள் பின்னர் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. பஞ்சாபின் நிலத்தடி நீர் ஆழத்திற்கு இறங்கியது. இயற்கை எரிவாயுவிலிருந்து பெறப்படும் யூரியா மண்ணில் இடப்படுகையில் எழும் நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமேற்றும் ஆற்றலுடையது என அறிவியலார் கணித்துள்ளனர். குமரப்பா அறிந்திராத செலவினம் இது. ஆயினும், ஏட்டில் வராத செலவு உண்டு என்று அவர் கூறியது மெய்யாயிற்று.

அதே நேர்மையோடு அவர் ஏட்டையும் தணிக்கை செய்தல் வேண்டும். அசைபோடும் கால்நடை மீத்தேனை வெளிவிடும்; நீர் தேங்கிய நெல்வயலும் அவ்வாறே. எருதை நடுவாகக் கொண்ட அவருடைய வேளாண்மையை அப்படியே மீட்டல் இன்றைய விடையாகாது. நீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடும் திருந்திய நெல் சாகுபடி போன்ற முறைகளை அவர் இருந்திருப்பின் ஆர்வத்தோடு கணக்கிட்டிருப்பார். அவரிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது முடிவுகளின் பட்டியலன்று, கணக்கிடும் முறை.

அம்முறையின் மெய்ம்மையை அவர் பிறந்த காவிரிப்படுகையே உலகறிய விளக்கியது. 2010 இல் மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் ஆனபோது, வயலுக்கு மேலே ஓட்டச் செல்வமும் வயலுக்குக் கீழே தேக்கச் செல்வமும் நேருக்கு நேர் நின்றன. உழவர் மேலிருப்பதைத் தேர்ந்தனர். நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று அதனை எடுத்துரைத்து, அப்பயணத்தின் இடையிலேயே 2013 டிசம்பர் 30 இல் உயிர் நீத்தார். 2015 இல் மாநில அரசு மீத்தேன் திட்டத்தை விலக்கியது. 2017 இல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நாள்கணக்கில் அமர்ந்தனர். அங்கே மூதாட்டியரும் பள்ளிப் பிள்ளைகளும் உடனிருந்தனர். 2020 பிப்ரவரியில் காவிரிப்படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சட்டத்திற்கு முன்னரே நடைபெற்ற பணிகளை அது தடுக்கவில்லை. ஆதலின் உழவர் தம் விண்ணப்பத்தை இன்னும் மடித்துவைக்கவில்லை. 2023 இல் வெளிவந்த மாநில அங்கக வேளாண்மைக் கொள்கையும் அத்தகைய நெடிய வேண்டுகோள்களின் பின்னர் வந்ததே. குமரப்பாவின் பெயரை அவருள் பலர் கேட்டிருக்கமாட்டார். எனினும் அவர் கேட்ட வினாவையே அவர்களும் கேட்டனர்.

நம் வட்டத்து அன்பர்களிடம் ஒன்று கூறி அமைகிறேன். பத்தாண்டுகளாக நாம் கூடிப் படித்த கவிதைகளுள் ஏர் இல்லாத கூட்டம் ஒன்றுமில்லை. வாடிய பயிரும் வறண்ட ஆறும் நம் வரிகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. இரக்கம் நல்லதே. ஆனால், நாகனாரின் பாட்டு இரக்கத்தோடு நிற்கவில்லை; எந்தக் கடன், யார் நீக்க வேண்டும் என்பதை அறிந்து உரியவரிடம் சென்றது. மாத்தரின் சிற்றூர்களில் குமரப்பா செய்ததும் அதுவே. உழவரைப் பாடுமுன் அவர் வீட்டுச் செலவை ஒருமுறை கேட்டறியும் கவிஞருக்குச் சொற்கள் குறைவாகக் கிடைக்கலாம். கிடைக்கும் சொற்கள் அரசவை வரை செல்லும்.